மைதானத்து விளக்கும் மேட்டூர்ப் புகையும்



கோடை விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்பது சேலத்திலும் நாமக்கல்லிலும் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி. கையில் பணம் உள்ளவர்களுக்குக் குளிரூட்டிய வணிக வளாகங்கள் இருக்கின்றன, கட்டணம் வாங்கும் நீர் விளையாட்டுப் பூங்காக்கள் இருக்கின்றன. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் உட்காரும் தந்தைக்கும், பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் தாய்க்கும் என்ன இருக்கிறது? அண்ணா பூங்கா இருக்கிறது. காந்தி ஸ்டேடியம் இருக்கிறது. சேர்வராயன் மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா, மேட்டூரில் அணைப் பூங்கா, கையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் ஏற்காட்டுப் படகு இல்லம், கொல்லிமலையில் வாசலூர்பட்டிப் படகு இல்லம். மாநகராட்சியோ, விளையாட்டு மேம்பாட்டு ஆணையமோ, வனத்துறையோ, சுற்றுலாத் துறையோ, யாரோ ஒருவர் பெயரில் பலகை இருக்கும். சொத்து என்னவோ நம் எல்லாருடையதும்தான்.

இந்த இடங்கள் எவ்வளவு கரியமில வாயுவை வெளியேற்றுகின்றன, அதைக் குறைக்க முடியுமா என்று சிந்திப்பது வேலையற்ற வேலையாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆலைகளை விட்டுவிட்டு மைதானத்தைப் பிடிப்பானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு பூங்காவின் மின்சாரம் ஓர் உருக்காலையின் மின்சாரத்துக்கு முன் தூசு. ஆனால் ஆலை நம்மைக் கேட்டு ஓடுவதில்லை. மைதானம் நம் வரிப்பணத்தில் ஓடுகிறது, அதைப்பற்றிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. மேலும், 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா 2070ஆம் ஆண்டுக்குள் நிகர உமிழ்வைப் பூச்சியமாக்குவதாக உலகுக்கு வாக்குக் கொடுத்தது. 2022இல் தமிழக அரசு பசுமை காலநிலை நிறுவனத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் காலநிலை மாற்ற இயக்கம் என்று அமைத்து அந்தப் பொறுப்பை ஆட்சியர்களிடம் கொடுத்தது. வாக்குக் கொடுத்தாகிவிட்டது, இனி எங்காவது குறைத்துத்தான் ஆகவேண்டும். எங்கே குறைக்கப்போகிறார்கள், யாரிடமிருந்து குறைக்கப்போகிறார்கள் என்பதில்தான் நம் கவலை.

நமது மாவட்டத்தாருக்கு நிலக்கரியைப்பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையைப் பார்க்கப் போகிறவர் எவரும் அனல் மின்நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகளையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார். 1980களின் இறுதியில் 210 மெகாவாட் கொண்ட நான்கு அலகுகளாகத் தொடங்கி, பின்னர் 600 மெகாவாட் அலகு ஒன்றும் சேர்ந்து, மொத்தம் 1,440 மெகாவாட் ஆயிற்று. ஒடிசா போன்ற தொலை மாநிலச் சுரங்கங்களிலிருந்து வரும் நிலக்கரியை எரித்துத்தான் அந்த மின்சாரம் பிறக்கிறது. கூரையிலும் கொல்லையிலும் சாம்பல் படிகிறது என்று அந்தச் சுற்றுவட்டார மக்கள் நெடுநாளாக முறையிட்டு வருகிறார்கள். நீர், காற்று, சூரியன், அணு என்று எல்லாவற்றையும் கலந்து சராசரி பார்த்தாலும், நம் நாட்டு மின்கம்பியில் வரும் ஒரு யூனிட்டுக்குப் பின்னால் ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு இருக்கிறது. நிலக்கரியை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு கிலோவை ஒட்டி வரும்.

இதை ஒரு மைதானத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். இறகுப்பந்து ஆடும் ஓர் உள்விளையாட்டரங்கம் என்று வைத்துக்கொள்வோம். மேலே 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குகள் 20 தொங்குகின்றன. காலையும் மாலையுமாக நாளுக்கு 5 மணி நேரம் எரிந்தால் 40 யூனிட். ஆண்டுக்கு 300 நாள் என்றால் 12,000 யூனிட், 8.4 டன் கரியமில வாயு. அதே வெளிச்சத்தை 200 வாட்டுக்குள் எல்.இ.டி. விளக்கு தந்துவிடும். பாதி மிச்சம். ஆட்டத்தில் ஒரு நிமிடமும் குறையவில்லை, ஒரு பிள்ளையும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. இதற்குப் பெரிய அறிவியல் எதுவும் தேவையில்லை. விளக்கைக் கழற்றி மாட்டும் ஏணி போதும்.

அடுத்ததாக எல்லாருக்கும் நினைவுக்கு வருவது சூரிய மின்தகடு. நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அதற்கு 100 சதுர அடி கூரை வேண்டும். மேலே சொன்ன அரங்கத்துக்கு 1,000 சதுர அடியில் 10 கிலோவாட் போட்டால் 40 யூனிட் கிடைக்கும். கணக்கு அழகாகப் பொருந்துகிறது. ஆனால் கதிரவன் மறைந்த பிறகுதானே மைதானத்து விளக்கு எரிகிறது! மாலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் ஓடும் அந்த நேரத்தில்தான் மின்வாரியத்துக்கும் நெருக்கடி அதிகம். பகலில் தகடு தந்த மின்சாரம் பகல் நேரத்து நிலக்கரியை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. மாலை விளக்கு என்னவோ மாலை நிலக்கரியில்தான் எரிகிறது. கொடுக்கும் யூனிட்டுக்குக் கிடைக்கும் விலையும் வாங்கும் யூனிட்டுக்குக் கொடுக்கும் விலையும் எல்லா இணைப்புக்கும் ஒன்றல்ல என்பது வேறு விஷயம். ஆகையால் தகடு வைத்துவிட்டோம், கடமை முடிந்தது என்று ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொள்வதில் நமக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. முதலில் விளக்கை மாற்றுவது, அதன் பிறகு தகடு. வரிசை முக்கியம்.

பகல் வெயிலுக்கு ஏற்ற வேலை ஒன்று உண்டு. அது மோட்டார். பூங்காக்களில் புல்தரைக்கும் செடிக்கும் தண்ணீர் இறைக்கும் மோட்டார், மேல்நிலைத் தொட்டியை நிரப்பும் மோட்டார், நீச்சல் குளத்துத் தண்ணீரை வடிகட்டிச் சுழற்றும் மோட்டார். பத்துத் தடவை ரீவைண்டிங் செய்த பழைய மோட்டார் எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதை நம் விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். இவற்றை முற்பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் ஓட்டுவதற்குத் தடை எதுவும் இல்லை, பழக்கம் ஒன்றைத் தவிர. (புல்லுக்கு மட்டும் நடுவெயிலில் நேரே பாய்ச்சக் கூடாது, தொட்டியை நிரப்பி வைத்துக்கொண்டு மாலையில் திறந்துவிடலாம்.) நீச்சல் குளத்து மோட்டாரிலோ இன்னொரு நுட்பம் இருக்கிறது. அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி பொருத்தி, ஆள் நீந்தாத நேரத்தில் நீரோட்டத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால், மின்சாரம் ஐந்தில் ஒன்று அல்ல, ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. சுழலும் பம்பின் இயல்பே அதுதான்.

கலையரங்கங்களில் நிலைமை வேறு. அங்கே தின்பது ஏ.சி. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏ.சி. பெட்டிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு விதி செய்தது. பெட்டி 24இல் தொடங்குகிறது, விழாவுக்கு வரும் பிரமுகர் 18க்கு இறக்கச் சொல்கிறார். அது ஒருபுறம். கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று, குழாயிலிருந்து கசியும் வாயு. பழைய பெட்டிகளில் இருக்கும் ஆர்-22 வாயு ஒரு கிலோ கசிந்தால், அது ஏறத்தாழ 1.8 டன் கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தைக் காற்றில் பிடித்து வைக்கிறது. கசிவை அடைக்காமல் ஒவ்வொரு கோடைக்கும் 'கேஸ் நிரப்பி'க்கொண்டே இருக்கும் அரங்கம், விளக்கில் மிச்சம் பிடித்ததை எல்லாம் ஓர் ஓட்டையில் விட்டுவிடுகிறது. மொட்டை மாடிக்கு ஆண்டுக்கொருமுறை வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவதை நம் பாட்டன்மார் அறிந்திருந்தார்கள். சூட்டைக் கூரையிலேயே திருப்பி அனுப்பும் அந்த எளிய வேலைக்கு இன்று 'குளிர் கூரை' என்று பெயர் சூட்டித் திட்டம் போடுகிறார்கள். நல்லது, பெயர் எதுவானாலும் பூசினால் சரி.

நம் நீச்சல் குளங்களைச் சூடாக்க வேண்டியதில்லை. அதுவே பெரிய வரம். குளிர் நாடுகளில் நிலைமை நேர்மாறு. இங்கிலாந்தில் ஊராட்சி மன்றங்கள் நடத்தும் நீச்சல் குளங்களும் உடற்பயிற்சிக் கூடங்களும் வெந்நீருக்காகவே எரிவாயுவை எரிக்கின்றன. 2022இல் உக்ரைன் போரை ஒட்டி எரிவாயு விலை ஏறியபோது, அங்கே பல குளங்கள் நேரத்தைக் குறைத்தன, சில மூடியே போயின. அதே ஆண்டில் எக்சிட்டர் நகரில், வெப்பம் வீணாகாதபடி சுவரையும் கூரையையும் அமைக்கும் கடுமையான தரத்தில் ஒரு பொது நீச்சல் குள வளாகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, அருகிலுள்ள எக்ஸ்மவுத்தில், கணினிகள் வெளிவிடும் சூட்டைக் கொண்டே குளத்து நீரைச் சூடாக்கத் தொடங்கினார்கள். ஆக, ஒரே நாட்டில், ஒரே நெருக்கடிக்கு இரண்டு விதமான பதில்கள். ஒன்று கதவைப் பூட்டியது, மற்றொன்று சூட்டைத் தேடிப் பிடித்தது.

இந்த இரண்டில் எது நம் ஊருக்கு வரப்போகிறது? இதைத்தான் நாம் உற்றுக் கவனிக்க வேண்டும். மின்கட்டணம் எகிறியது, மேலிடத்திலிருந்து 'சிக்கனம்' என்று சுற்றறிக்கை வந்தது என்றால், அலுவலகத்தில் இருப்பவருக்கு மிக எளிய வழி எது? ஏணி போட்டு விளக்கை மாற்றுவதற்கு ஒப்பந்தப்புள்ளி வேண்டும், நிதி ஒதுக்க வேண்டும், தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும். எட்டு மணிக்கு அணைக்கும் விளக்கை ஆறரைக்கே அணைப்பதற்கு எதுவும் வேண்டாம். சாவி போதும்! அப்படி அணைக்கப்படும்போது முதலில் வெளியேறுபவர்கள் பெண் பிள்ளைகள். இருட்டிய மைதானத்துக்கு மகளை அனுப்ப எந்தத் தாயும் துணியமாட்டார். அடுத்து, பகலெல்லாம் பட்டறையில் நின்றுவிட்டு மாலையில் ஓட வரும் இளைஞர்கள். அதற்கடுத்து, சர்க்கரை நோய்க்கு நடக்கச் சொல்லி மருத்துவர் அனுப்பிய பெரியவர்கள். வெயில் சாய்ந்தால்தான் அவர்களால் நடக்க முடியும்.

இப்படி வெளியேறியவர்களால் உமிழ்வு குறைகிறதா என்றால் அதுவும் இல்லை. காசுள்ள இளைஞர்கள் நாலுபேர் சேர்ந்து மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து 'டர்ஃப்' மைதானத்துக்குப் போகிறார்கள். அங்கே பளீரென்று நள்ளிரவுவரை விளக்கு எரிகிறது. பொது மைதானத்தின் கணக்கில் குறைந்த யூனிட் தனியார் மைதானத்தின் கணக்கில் ஏறிவிட்டது. புறவழிச் சாலைவரை பைக்கில் போய்வந்த பெட்ரோல் வேறு. மேட்டூரில் கரி எரிவது எரிந்துகொண்டேதான் இருக்கிறது. காசில்லாத பிள்ளை மட்டும் வீட்டில் கைபேசியோடு உட்கார்ந்திருக்கிறது. அறிக்கையில் இதற்குச் சாதனை என்று பெயர் வரும்.

குறை எங்கே இருக்கிறது? மைதானத்துப் பொறுப்பாளர் நல்லவராக இருக்கலாம், அக்கறை உள்ளவராக இருக்கலாம். ஆனால் மின்கட்டணத்தை வேறோர் அலுவலகம் வேறொரு நிதித் தலைப்பில் கட்டுகிறது. அவர் ஆயிரம் யூனிட் மிச்சம் பிடித்தால் அந்தப் பணம் அவருடைய மைதானத்துக்கு ஒரு கைப்பந்து வலையாகக்கூடத் திரும்பி வருவதில்லை. வராத ஒன்றுக்காக எத்தனை நாள் ஒருவர் பாடுபடுவார்? பராமரிப்புக்கும் இதே கதி. புதிதாக வாங்குவதற்குப் பணம் கிடைக்கும், வாங்கியதைத் துடைத்து வைக்கப் பணம் கிடைக்காது. சூரிய விளக்குக் கம்பங்கள் நட்ட மூன்றாம் ஆண்டே பேட்டரி செத்து, காக்கை உட்காரும் கம்பங்களாக நிற்பதை நாம் எத்தனை ஊர்களில் பார்த்திருக்கிறோம்! தூசி படிந்த தகடு குறைவாகத்தான் மின்சாரம் தரும். லாரி ஓயாமல் ஓடும் நாமக்கல் சாலையோரத்தில் அதை மாதம் இருமுறையாவது கழுவ வேண்டும். ஆகவே, மிச்சமான தொகையில் ஒரு பங்கையாவது அந்தந்த மைதானத்துக்கே, அதன் பராமரிப்புக்கே விட வேண்டும் என்பது நம் தாழ்மையான கருத்து. இதற்கு வெளிநாட்டு நிபுணர் வேண்டாம். ஓர் அரசாணை போதும்.

புதிதாகக் கட்டப்படுபவற்றில் வாய்ப்பு இன்னும் அதிகம். 2022இல் தமிழக அரசு சட்டமன்றத் தொகுதிக்கு ஒன்றாகச் சிறு விளையாட்டரங்கம் அமைக்கும் திட்டத்தை அறிவித்தது. வரவேற்க வேண்டியதே. கட்டும்போதே காற்றோட்டம் வைத்து, கிழக்கு மேற்கு வெயிலை மறைத்து, கூரையைத் தகடு தாங்கும்படி அமைத்துவிட்டால் செலவு பெரிதாக ஏறுவதில்லை. தகரக் கூரை வேய்ந்துவிட்டு, உள்ளே அனல் தாங்காமல் பிறகு ஏ.சி. வாங்குவதுதான் செலவு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிமெண்ட் செய்வதே பெரும் உமிழ்வு. சங்ககிரிப் பக்கத்து மக்களுக்கு அந்தச் சூளையைத் தெரியும். நன்றாக நிற்கும் பழைய அரங்கத்தை 'நவீனம்' என்ற பெயரில் இடித்துவிட்டுப் புதிது கட்டினால், புதிய கட்டடம் எத்தனை ஆண்டு மின்சாரம் மிச்சப்படுத்தினாலும் அந்தக் கடன் அடையச் சில பத்தாண்டுகள் ஆகிவிடும்.

மின்சாரமே வேண்டாத பொழுதுபோக்கும் நம்மிடம் இருக்கிறது. சேலத்து மூக்கனேரியைத் தூர்வாரி, 2010 வாக்கில் ஊர்மக்கள் முயற்சியில் ஏரிக்குள் சிறு சிறு தீவுகள் எழுப்பி மரம் நட்டார்கள். இன்று அங்கே பறவைகள் அடைகின்றன. மரநிழலும் நீர்க்காற்றும் தரும் குளிர்ச்சிக்கு மீட்டர் ஓடுவதில்லை. நாமக்கல் கோட்டை அடிவாரத்துக் கமலாலயக் குளக்கரையிலும் மாலையில் காற்று வாங்க உட்காருகிறவர்களுக்கு இது தெரியும். ஏற்காட்டில் மட்டும் கணக்கு வேறு விதம். படகு இல்லத்தின் மின்சாரத்தைவிட, அங்கே போய்ச் சேர 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வரிசைகட்டி உறுமும் கார்களின் புகைதான் அதிகம். விடுமுறை நாள்களில் அடிவாரத்திலிருந்து கூடுதல் பேருந்து விட்டால் படகு இல்லத்துக்குத் தகடு வைப்பதைவிட நன்மை அதிகம் என்று நினைக்கிறோம். 70 வளைவுகள் உள்ள கொல்லிமலைக்கும் இது பொருந்தும்.

நம் சொந்த வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வத்திக்கானில் பொதுமக்கள் கூடும் ஆறாம் பவுல் அரங்கத்தின் கூரை முழுக்க 2008ஆம் ஆண்டிலேயே 2,000க்கும் மேற்பட்ட சூரியத் தகடுகள் பதிக்கப்பட்டன. நம் பங்குகளிலோ திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் மண்டபத்தில் ஜெனரேட்டர் கொண்டுவந்து நிறுத்துகிறோம். மின்தடை இல்லாத நாளிலும் 'சீரியல் லைட்டுக்கு' அது ஓடுகிறது. ஒரு லிட்டர் டீசல் 2.7 கிலோ கரியமில வாயுவைத் தந்துவிட்டு மூன்று யூனிட் சொச்சம் மின்சாரம் தருகிறது. மின்வாரியக் கம்பியைவிட இது மோசமான மின்சாரம். மாநகராட்சியைக் கேள்வி கேட்கப் போகும்முன் இதைச் சீர்செய்துகொண்டால் நம் பேச்சுக்கும் மதிப்பிருக்கும்.

கேள்வி கேட்க இடம் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. நகரத்தில் இருப்போர் பகுதி சபையில் கேட்கலாம். இல்லையென்றால் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போடலாம். நம் அன்பியங்களில் இளையோர் இருக்கிறார்கள், கணக்குத் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டியது நீளமாக இருக்கத் தேவையில்லை: நம் ஊர்ப் பூங்காவுக்கும் மைதானத்துக்கும் கடந்த 12 மாதத்தில் எத்தனை யூனிட் செலவாயிற்று, எத்தனை விளக்கு இன்னும் பழையது, மோட்டார் எந்த நேரத்தில் ஓடுகிறது? இவற்றைக் கேட்கிற அதே தாளில் நாலாவதாக ஒன்றையும் எழுதிவிட வேண்டும்: மாலையில் எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுகிறார்கள், போன வருடம் எத்தனை மணிக்குப் பூட்டினார்கள்?